கேள்விக்குப் பின் கொஞ்ச நேரம்

ஹெலன் மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அதில் இருந்த மூன்று பையன்களும் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். ஒருவன் மூக்கை உறிஞ்சினான். உறிஞ்சியது தப்போ என்று மேடத்தைப் பார்த்தான். சுகுணா கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதினாள், ஒன்பதாம் வகுப்பு என்று எழுதினாள், ‘ஆ’ பிரிவு என்று எழுதினாள், நடுவில் தொழிற்புரட்சி என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டாள், கோடு கோணலாகப் போனதால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள், இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்று தெரிந்தும் சாக்பீஸை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பியாக வேண்டும். திரும்பினால் வகுப்பு முழுக்க முகங்கள், அதற்குப் பின்னால் அந்த ஒரு முகம். பி.எட். படிக்கிறவர்களைப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், கல்லூரியிலிருந்து யாராவது வந்து ஒரு பாடவேளை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். போன முறை பார்த்துவிட்டு ஹெலன் மேடம் அவளைச் சைக்கிள் ஷெட் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். ‘நல்லாத்தான் தயார் பண்ணிட்டு வரீங்க. ஆனா கேள்வியக் கேட்டுட்டு நீங்களே பதிலையும் சொல்லிடறீங்க. நடுவுல மூச்சு விடற இடங்கூட இல்ல. அந்த ரூம்ல பசங்க இருக்காங்கன்னே உங்களுக்கு ஞாபகம் இல்ல சுகுணா.’ சரி மேடம் என்றாள். ‘கேட்டுட்டு நிறுத்துங்க. யாராச்சும் வாயத் திறக்கற வரைக்கும் நில்லுங்க. அடுத்த தடவையும் இதேதான்னா திருப்தி இல்லைன்னுதான் என்னால எழுத முடியும். அப்புறம் அடுத்த வருஷத்துப் பிள்ளைங்களோட வந்து முதல்லேர்ந்து செய்யணும்.’ சொல்லிவிட்டுத் தும்மினார். அவருக்கு அப்போதும் ஜலதோஷம், இப்போதும் ஜலதோஷம். சுகுணாவைவிட நான்கைந்து வயது சின்னவர். திட்டும்போதுகூட வாங்க போங்க என்றுதான் திட்டினார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருஷம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஷூ கம்பெனியில் அவள் தைத்த மிஷினில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கிளம்பின அன்றைக்கே அந்தப் பெண் தன் உயரத்துக்கு ஸ்டூலை ஏற்றிப் போட்டுக்கொண்டதைச் சுகுணா கதவருகே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். திரும்பிப் போக அங்கே இடமில்லை. இங்கேயும் இல்லை என்று இன்றைக்குத் தெரிந்துவிடலாம்.

திரும்பினாள். ‘நீங்க எல்லாரும் போட்டிருக்கற சட்டை எங்கேர்ந்து வந்தது?’ என்று கேட்டாள். இது ஆர்வமூட்டல். பாடக்குறிப்பில் முதல் கட்டம் அதுதான். குழந்தைகளுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கித் தெரியாததற்குக் கூட்டிப்போக வேண்டும். ‘கவர்மெண்ட்டு குடுத்தது மிஸ்’ என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. எதிர்பார்க்கும் பதில் என்ற இடத்தில் அவள் துணிக்கடை என்று எழுதியிருந்தாள். ‘துணிக்கடை, சரி’ என்றாள் வாய் தன்பாட்டுக்கு. சொன்ன பிறகுதான் தான் சொன்னது தெரிந்தது. கடைசி பெஞ்சில் ஹெலன் மேடத்தின் பேனா ஒரு தரம் அசைந்தது. மதியச் சாப்பாட்டு சாம்பார் வாசனை இன்னும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. மின்விசிறி ஒன்றுதான் ஓடியது, அதுவும் ஆசிரியர் மேசைக்கு மேல் இருந்தது; குழந்தைகளின் நெற்றியில் வேர்வை. துணி, நூல், பஞ்சு என்று போய்க்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள், நடக்கச் சொல்லியிருந்தார்கள். நடக்கும்போது மூன்றாவது வரிசையில் அந்த இடத்தைத் தாண்டினாள், தான் கை தூக்கிய இடத்தை. அது முதல் வாரம். பயிற்சிக்கு வந்தவர்கள் முதலில் பாடம் எடுக்கக் கூடாது, வகுப்பு ஆசிரியர் எடுப்பதைப் பின்னால் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். கடைசி பெஞ்சு அப்போது உடைந்திருந்ததால் அவளை மூன்றாவது வரிசையில் ஓர் ஓரமாக உட்காரவைத்தார் கோதண்டராமன் சார். அவர் உள்ளே வந்ததும் குழந்தைகளோடு எழுந்து, வணக்கம் ஐயா என்று இழுத்தாள். அது பரவாயில்லை, மரியாதை. பிறகு அவர் பாடம் எடுக்க எடுக்க அவள் எங்கோ போய்விட்டாள். மேசையின் மரம், பக்கத்துப் பெண்ணின் எண்ணெய் தலை, வெளியே விளையாட்டு ஆசிரியரின் விசில், சாக்பீஸ் பொடி. சார் ஏதோ கேள்வி கேட்டார். விடை அவளுக்குத் தெரியும். கை மேலே போய்விட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. கோதண்டராமன் சார் கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘இன்னாம்மா, தண்ணி குடிக்கப் போகணுமா?’ என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் கெட்டவர் இல்லை, பிறகு அவளைக் கூப்பிட்டு, ‘ரிட்டயர் ஆகப்போறேன், நானே கை தூக்க மறந்துட்டேன், நீ தூக்கறியே’ என்றார். அதற்கப்புறம் தன் வகுப்பு நோட்டுகளையெல்லாம் திருத்தும் வேலையை அவளிடம் கொடுத்தார். ஏன் கை தூக்கினாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: சார், நான் ஒன்பதாவது வகுப்பில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

எட்டாவது முழுப்பரீட்சை எழுதிவிட்டு வந்தவளை அம்மா ஒன்பதாவதில் சேர்க்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. யாரும் அடிக்கவில்லை, யாரும் அழவில்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரம் வீட்டுக்கு நிறைய அப்பர் வந்திருந்தது. ஷூவின் மேல்பகுதியை அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும், ஆம்பூரில் பாதித் தெரு வாசலில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கும். இந்த மூட்டை முடியட்டும் என்றாள் அம்மா. அடுத்த மூட்டை வந்தது. அவ்வளவுதான். பதினெட்டு ஆனதும் கம்பெனி வேனில் ஏறினாள். தங்கை கல்யாணம் ஆகி ஓசூர் போனாள், அம்மா செத்துப்போனாள், வேன் மட்டும் தினமும் விடியும் முன்னே முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த வேனில்தான் யாரோ விட்டுப்போன துண்டுக் காகிதம் ஒன்று கிடந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், அதற்கு முன்னால் ஓர் ஆயத்தப் படிப்பு இருக்கிறது என்று. சேர்ந்தாள், அதை முடித்தாள். முடித்த பிறகு படிப்பு மையத்தில் இருந்தவர், ‘வேலைக்குன்னு படிக்கிறதா இருந்தா பத்தாவதும் பன்னெண்டாவதும் இல்லாம இது நிக்காதும்மா, அதையும் எழுதிட்டு வந்துரு’ என்றார், மாடி ஏறினவளைக் கூப்பிட்டு இறங்கி வாசலைக் கூட்டிவிட்டு வா என்பதைப் போல. இறங்கி வந்து தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள், பன்னிரண்டாவது எழுதினாள், பிறகு மறுபடி ஏறினாள். வரலாற்றில் பட்டம் வாங்கினாள். ஒன்பதாவது மட்டும் இதில் எங்கேயும் வரவில்லை. ஒன்பதாவதைத் தனியாக எழுத முடியாது, அப்படி ஒரு பரீட்சை கிடையாது. எட்டிலிருந்து பத்துக்குத் தாண்ட வேண்டியதுதான். தாண்டின பள்ளத்தில் இப்போது நின்றுகொண்டு அவள் பாடம் நடத்துகிறாள். ‘இங்கிலாந்துல முன்னாடி எல்லாம் வீட்லயே நூல் நூத்தாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் குரல். ‘வீட்லயே நெய்வாங்க. குடும்பமே உக்காந்து செய்யும். இதுக்குப் பேரு’ என்று ஆரம்பித்து, குடிசைத் தொழில் என்று தானே முடித்தாள். மறுபடி. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹெலன் மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார், எழுதினாரா இல்லையா என்று தெரியவில்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று மேடத்துக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. புத்தகம் தபாலில் வரும். ஒவ்வொரு பாடத்தின் நடுவிலும் உன் முன்னேற்றத்தைச் சோதித்துக்கொள் என்று ஒரு பெட்டி போட்டு அதில் கேள்வி இருக்கும், கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். வேலை விட்டு வந்து அடுப்பில் உலையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேள்வியைச் சத்தமாகப் படிப்பாள். கேட்க யாருமில்லை, சொல்லவும் யாருமில்லை, அதனால் அவளே சொல்வாள். கேள்வி கேட்கும்போது ஒரு குரல், பதிலுக்கு ஒரு குரல். கேட்கிறவள் கொஞ்சம் அதட்டுவாள். சொல்கிறவள் பணிந்து சொல்வாள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அந்த அறை எவ்வளவு காலி என்று தெரிந்துவிடும், அதனால் விடமாட்டாள். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஒருநாள் வந்து கதவுக்குள் தலையை நீட்டி நாலு மூலையும் பார்த்தாள். ‘யாரு வந்திருக்கா?’ ‘யாரும் இல்லக்கா.’ ‘பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, சண்ட போடற மாரி.’ ‘படிச்சிட்டிருந்தேன்.’ மல்லிகா அக்கா நம்பவில்லை. கட்டில் இருந்திருந்தால் குனிந்து அடியில் பார்த்திருப்பாள். பிறகு கொஞ்ச நாள் தெருவில் அவளைப் பார்த்து யாராவது ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அதுவும் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வேலூர் போனால் அங்கேயாவது பேச்சு இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அங்கே பஸ் கண்டக்டர் ஒருவர், போலீஸ்காரர் ஒருவர், பால்வாடி டீச்சர்கள் இரண்டு பேர், எல்லாரும் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். போலீஸ்காரர் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். பாடம் எடுப்பவர், ‘யாருக்காவது சந்தேகம் இருக்கா, இல்ல, சரி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடுவார். அவளுக்குச் சந்தேகங்கள் இருந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் அவற்றைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

‘நூற்கும் ஜென்னி’ என்று அந்த நூற்பு இயந்திரத்தின் பெயரைப் பலகையில் எழுதினாள். படம் ஒட்டிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். சக்கரத்தை நேற்று மாலை கலர் பென்சிலில் வரைந்திருந்தாள், அது கொஞ்சம் மாவாட்டும் கல் மாதிரி வந்திருந்தது, ஒரு பையன் அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவனைக் குத்தினான். இனிமேல்தான் வருகிறது. பாடக்குறிப்பில் அந்தக் கேள்விக்குச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். மேடம் வரும்போது இந்த ஒரு கேள்விக்காவது நின்றே தீருவது என்று. மோனிஷாதான் வழி சொன்னாள். மோனிஷாவும் இன்னும் மூன்று பெண்களும் அவளோடு பயிற்சிக்கு வந்தவர்கள், எல்லாருக்கும் இருபத்திரண்டு, எல்லாரும் அவளை அக்கா என்பார்கள். முதல் நாள் மதியம் அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போனபோது, ‘அக்கா, நீங்க டீச்சருங்க கூட சாப்பிடுங்களேன், நாங்க சும்மா ஏதாச்சும் பேசிட்டிருப்போம்’ என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆசிரியர் அறைக்குப் போனால் தமிழம்மா, ‘ட்ரெயினிங் வந்தவங்கல்லாம் அந்தக் கடைசி ரூம்ல சாப்பிடறாங்கம்மா’ என்று நல்லவிதமாக வழி காட்டினார். அன்றிலிருந்து ஆய்வகத்தில், உலோக ஸ்டாண்டில் நிற்கும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் சாப்பிடுகிறாள். என்ன குழம்பு என்று கேட்காத துணை. மோனிஷா நேற்று அங்கே வந்து மேசை மேல் ஏறி உட்கார்ந்து, ‘இதுக்குப் போயி பயப்படறீங்களேக்கா. நாங்கல்லாம் என்ன பண்றோம், முந்தின நாளே பசங்களுக்குப் பதிலச் சொல்லிக் குடுத்துருவோம். மேடம் முன்னாடி கேட்டா பட்டுன்னு கை தூக்குவாங்க. எல்லா ஸ்கூல்லயும் இதுதான் நடக்குது’ என்றாள். ‘அது எப்படி, தெரிஞ்சதயே கேக்கறது?’ ‘நீங்க மட்டும் உங்களுக்குத் தெரியாததயா கேக்கறீங்க?’ என்று மோனிஷா சிரித்தாள். நேற்று மாலை மணி அடித்த பிறகு நிலோஃபரை நிறுத்தினாள். வகுப்பில் முதலாவது வருகிற பெண். முழு வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்க மனசு வரவில்லை; ஒருத்தி போதும், ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். கேள்வியைச் சொன்னாள், விடையையும் சொன்னாள். நிலோஃபர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனாள். இன்று காலை வருகைப்பதிவு எடுக்கும்போது நிலோஃபர் என்றதும் யாரோ, ‘வாணியம்பாடில கல்யாணம் மிஸ், குடும்பத்தோட போயிட்டாங்க’ என்றார்கள். முதல் பெஞ்சில் இப்போது ஓர் இடைவெளி. பக்கத்தில் இருந்தவள் அதில் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தாள்.

கேட்டுவிட்டாள். ‘வீட்லயே, சொந்தமா, தன் குடும்பத்தோட நூல் நூத்துட்டிருந்தவங்க, அதை விட்டுட்டு ஏன் ஆலைக்கு வேலைக்குப் போனாங்க?’ கேட்டு முடித்த கணத்திலேயே விடை தொண்டையில் ஏறி நின்றது. இயந்திரத்தோடு போட்டிபோட முடியாமல். இயந்திரம் மலிவாகவும் விரைவாகவும் தந்ததால். இரண்டு விதமாகவும் சொல்லலாம், இரண்டும் புத்தகத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டாள். பற்களுக்குப் பின்னால் நாக்கை மடித்து வைத்தாள். யாரும் பேசவில்லை. விசிறி ஓடியது. முதல் பெஞ்சில் ஒருத்தி புத்தகத்தைப் பார்க்கலாமா கூடாதா என்று கண்ணைத் தாழ்த்தி உயர்த்தினாள். வெளியே யாரோ ஓடினார்கள், செருப்பு ஒன்று கழன்று மறுபடி மாட்டிக்கொள்ளும் சத்தம். இப்போது சொல்லிவிடலாம், இவ்வளவு நேரம் நின்றதே பெரிது, மேடம் பார்த்திருப்பார். இல்லை, யாராவது வாயைத் திறக்கும்வரை என்றார். திறக்காவிட்டால். மாலை மணி வரை இப்படியே நின்றால். அவளுக்குத் தெரிந்த அமைதிகளில் இது எது. கம்பெனியில் ஒரு அமைதி உண்டு: லைனில் தப்பாகத் தைத்த ஜோடியைத் தூக்கிக் காட்டி, இது யார் வேலை என்று சூப்பர்வைசர் கேட்பார், மிஷினெல்லாம் நின்றுவிடும், எல்லாருக்கும் யார் என்று தெரியும், அதனால்தான் யாரும் பேசமாட்டார்கள். அது ஆட்கள் நிறைந்த அமைதி, தோளோடு தோள் இடிக்கிற அமைதி. இன்னொன்று அவள் அறையில் இருப்பது. உலை கொதித்து அடங்கின பிறகு வருவது. அதில் யாருமே இல்லாததால்தான் யாரும் பேசுவதில்லை. இது இரண்டில் எது என்று முகங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றாள். முகங்கள் அவளைப் பார்த்தன. அதில் கெட்ட எண்ணம் இல்லை, ஆர்வமும் இல்லை, அவர்கள் வெறுமனே காத்திருந்தார்கள், எதற்கு என்று அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. அவள் பதில் சொல்வதற்கு. இவ்வளவு நாளும் அவள்தானே சொன்னாள், இப்போது என்ன வந்தது இந்த மிஸ்ஸுக்கு, மறந்துவிட்டதா. வியர்வை இடுப்புப் பட்டைக்குள் இறங்கியது. அம்மாவுக்குக் கடைசியில் பேச்சு வராமல் போனது. சுகுணா ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணி வேணுமா, வேணாம், சரி. வலிக்குதா, வலிக்கல, சரி என்று அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிறுத்தியிருந்தால் அம்மா கண்ணாலோ விரலாலோ ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இங்கே, இந்த வேர்வையில், நாற்பது பிள்ளைகள் பார்க்கத் தோன்றுகிறது. தோன்றவேண்டிய இடமா இது. ஹெலன் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். அது நல்லதா. எழுத இனி ஒன்றுமில்லை என்று அர்த்தமா. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று பதில் சொல்கிற குரல், பணிந்த குரல், உள்ளே கெஞ்சியது. அதட்டுகிற குரலுக்கு ஆள் இல்லை.

‘நீங்களே சொல்லிருங்க மிஸ்’ என்றது ஒரு குரல். ஜன்னலோரம் இருக்கும் கருணாகரன். ‘எப்பவும் நீங்கதான சொல்வீங்க.’ வகுப்பு சிரித்தது, ஹெலன் மேடமும் கைக்குட்டைக்குள் சிரித்தாரோ என்னவோ. சுகுணாவுக்கு முகம் சுட்டது. ‘இன்னிக்கு மாட்டேன்’ என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. ‘நீ சொல்லு.’ ‘எனக்குத் தெரியாது மிஸ்.’ ‘தெரிய வேணாம். என்னா தோணுதோ அதச் சொல்லு.’ அவன் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்தான், தோன்றுவது அங்கே இருக்கும்போல. ‘போகாமயே இருந்திருக்கலாம் மிஸ். சொந்த வேலைய விட்டுட்டு எதுக்குப் போகணும்?’ இது புத்தகத்தில் இல்லை. இதற்கு என்ன சொல்வது என்று பாடக்குறிப்பிலும் இல்லை. தப்பு, உட்கார் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள், ‘போகாம இன்னா பண்ணுவாங்க, வீட்ல செஞ்சத எவன் வாங்குவான்?’ என்று நடு வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. எழுந்து நிற்காமல், கையும் தூக்காமல். எவன் என்றதற்கு ஒரு சிரிப்பு. கருணாகரன் அவள் பக்கம் திரும்பிவிட்டான். ‘உங்கம்மா வீட்லதான அப்பர் தைக்கறாங்க. அத வாங்கறாங்கல்ல?’ ‘வாங்கறாங்க. ஜோடிக்கு இவ்ளோன்னு அவங்களே சொல்லிட்டு வாங்கறாங்க. நாங்க சொல்ல முடியுமா? லைட்டு எங்க வீட்டு லைட்டு, ஊசி எங்க ஊசி. கம்பெனின்னா லைட்டு அவங்களுது.’ ‘கம்பெனில ஒண்ணுக்குப் போகணும்னாலும் கேட்டுட்டுத்தான் போகணும், எங்கம்மா சொல்லும்’ என்றான் கருணாகரன். ‘வீட்ல கேக்க வேணாம். போறதுக்குத்தான் நேரமில்ல’ என்றாள் அந்தப் பெண், வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. வேறொருத்தி, அப்ப ரெண்டும் ஒண்ணுதான என்றாள். கருணாகரன் விடவில்லை. ‘எப்டி ஒண்ணாவும்? எங்கம்மாக்கு வேன் வரும். வேன்ல பத்துப் பொம்பளைங்க பேசிக்கினே போவாங்க. இவங்கம்மா ஒண்டியா உக்காந்து தைக்கும்.’ ‘ஒண்டியா இல்ல, நான் இருக்கேன்ல’ என்றாள் நடு வரிசைப் பெண்.

சுகுணா பலகைக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள். இரண்டு அம்மாக்களையும் அவளுக்குத் தெரியும், ஆளாக இல்லை; வாசலில் குனிந்த முதுகாகவும், வேனில் தூங்கி விழும் தலையாகவும் தெரியும். இரண்டாகவும் அவள் இருந்திருக்கிறாள். நானும் தைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பும். இந்தப் பள்ளியில் யாருக்கும் அது தெரியாது. அவள் மறைக்கவில்லை, முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாரும் கேட்டதில்லை. வார்த்தை உதட்டுக்கு வந்தது. சொன்னால் இந்தப் பேச்சு நின்றுபோகும், எல்லாரும் மறுபடி அவளுக்காகக் காத்திருப்பார்கள். சாக்பீஸைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டு சும்மா நின்றாள். கருணாகரன் முதுகைக் காட்டி பெஞ்சின் மேல் ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு பேசினான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆசிரியருக்கு முதுகைக் காட்டக் கூடாது, கோதண்டராமன் சார் இருந்தால் பிரம்பைத் தேடுவார். யாரோ, மிஷின் வீட்டுக்கே வந்துட்டா என்றான். மிஷின் வெலை யாரு குடுப்பா என்றாள் இன்னொருத்தி. இங்கிலாந்தைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி அவள் தொண்டையில் நின்ற விடைக்குப் பக்கத்தில்தான் போய் வந்தது, ஒருமுறை தொட்டும்விட்டது, தொட்டது அவர்களுக்குத் தெரியவில்லை. இதைப் பலகையில் எழுத வேண்டும் என்று நினைத்தாள், எழுதத் திரும்பினால் நின்றுவிடுமோ என்று எழுதவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் ஹெலன் மேடம்கூட கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இருக்கும் அறையில் அவளுக்கு அவள் அறையில் இருப்பதைப் போலவே இருந்தது, ஒரே வித்தியாசம் சத்தம் வேறு எங்கிருந்தோ வந்தது. மணி அடித்தது. தொகுத்தல், மதிப்பிடல், வீட்டுவேலை என்று இன்னும் மூன்று கட்டம் பாக்கி இருந்தது. இடைவேளைக்கு எழுந்து ஓடும்போதும் நடு வரிசையும் ஜன்னலோரமும் பேசிக்கொண்டே ஓடின.

ஹெலன் மேடம் வராந்தாவுக்கு வந்து பையை மாட்டிக்கொண்டார். ‘பாடம் முடியல’ என்றார். ‘முடியல மேடம்.’ ‘தொகுத்துச் சொல்லல. வீட்டுவேல குடுக்கல. சட்டைக்குத் துணிக்கடைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் குடிசைத் தொழிலும்.’ ‘ஆமா மேடம்.’ ‘அதுக்கெல்லாம் மார்க்கு குறைப்பேன்.’ மூக்கைத் துடைத்தார். ‘அடுத்த வருஷம் வரவேண்டியதில்ல.’ சுகுணாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் மேடம் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். ‘அந்தப் பொண்ணு, எழுந்திருக்காமயே பேசினாளே. நடு வரிசை. அவ பேரென்ன?’ சுகுணா வாயைத் திறந்தாள். நிலோஃபர் பெயர் தெரியும், முதலாவது வருகிறவள். கருணாகரன் பெயர் தெரியும், சேட்டை செய்கிறவன். தினமும் வருகைப்பதிவில் எல்லாப் பெயரையும் படிக்கிறாள், உள்ளேன் மிஸ் என்று குரல்கள் வரும், தலையை நிமிர்த்தாமல் குறி போடுவாள். வந்து இரண்டு மாதமாகிறது. ‘தெரியல மேடம்’ என்றாள்.

ஹெலன் மேடம் அவளைப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் அறைக்குப் போனார். சுகுணா குழாயடிக்குப் போனாள். அந்தப் பெண் அங்கே இருந்தாள், ஈரக் கையை ஆட்டி ஆட்டிக் கருணாகரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், சுற்றி நாலைந்து பேர். தைத்த கை, ஆட்காட்டி விரலின் ஓரம் காய்த்துப்போய் இருந்ததை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. உன் பேர் என்ன என்று கேட்க வேண்டும். கேட்டால், இத்தனை நாளா தெரியாதா மிஸ் என்பாள். அவர்கள் பேச்சு முடிகிற மாதிரி இல்லை. அவள் அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, குழாய்த் தண்ணீர் தேங்கின இடத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.